ஸ்டூடியோக்கள் சரிந்தபோது எழுந்த நட்சத்திரங்கள்: 1950களின் இந்தித் திரையுலகம்

திலீப் குமார், தேவ் ஆனந்த், ராஜ் கபூர் ஆகிய மூவரின் நூற்றாண்டுகளும் 2022, 2023, 2024 என அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றையும் ஒட்டி அவர்களுடைய பழைய படங்கள் இந்திய நகரங்களில் மீண்டும் திரையிடப்பட்டன. பத்திரிகைகளில் நினைவுக் கட்டுரைகள் குவிந்தன. திலீப்பின் தாழ்ந்த குரலையும் தேவ் ஆனந்தின் சாய்ந்த நடையையும் ராஜ் கபூரிடம் தெரிந்த சாப்ளின் சாயலையும் வியந்து, அப்படிப்பட்டவர்கள் இனி வரப்போவதில்லை என்று பெருமூச்சு விட்டு முடிவது அத்தகைய கட்டுரைகளின் வழக்கம். அந்த ஏக்கத்தில் பொய் இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்பே கே. எல். சைகலும் அசோக் குமாரும் நாடறிந்த நடிகர்களாக இருந்திருக்க, ஒரு திரையுலகமே தங்களைச் சுற்றிச் சுழலும் அளவுக்கான செல்வாக்கு இந்தத் தலைமுறைக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. விடையின் ஒரு பகுதி அவர்களின் நடிப்பில் இருக்கிறது. அதைவிடப் பெரிய பகுதி, பம்பாயில் படம் எடுக்கும் முறையே பத்து ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறியதில் இருக்கிறது.

1930களில் இந்திப் படம் என்பது ஸ்டூடியோவின் பெயரால் அறியப்பட்ட பொருள். கல்கத்தாவில் பி. என். சர்க்கார் 1931இல் நிறுவிய நியூ தியேட்டர்ஸ், கோலாப்பூரில் தொடங்கி 1933இல் பூனாவுக்கு இடம்பெயர்ந்த பிரபாத், பம்பாயின் மலாடு பகுதியில் ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் 1934இல் தொடங்கிய பாம்பே டாக்கீஸ் ஆகியவை தத்தமக்கென ஒரு கதைப்போக்கும் இசைப்போக்கும் கொண்டிருந்தன. இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர், தச்சர் என அனைவரும் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். பாம்பே டாக்கீஸில் படங்களை இயக்கிய ஃபிரான்ஸ் ஓஸ்டனும் ஒளிப்பதிவு செய்த யோசஃப் விர்ஷிங்கும் ஜெர்மானியர்கள். அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த அசோக் குமார் 1936இல் எதிர்பாராத விதமாகக் கதாநாயகன் ஆக்கப்பட்டார். நாயகன் ஆன பிறகும் அவர் நிறுவனத்தின் ஊழியரே.

பின்னாளைய மூவரும் இந்த ஒழுங்கின் கடைசிப் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள். பெஷாவரில் பிறந்த யூசுஃப் கானுக்குத் தேவிகா ராணி மாதம் 1,250 ரூபாய் சம்பளம் பேசியதாகவும், அது ஆண்டுக்கான தொகையாக இருக்குமோ என்று தாம் ஐயுற்றதாகவும் திலீப் குமார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். புதிய பெயரும் அங்கேதான் கிடைத்தது. முதல் படம் 1944இல் வெளியான ‘ஜ்வார் பாட்டா’. தேவ் ஆனந்தை 1946இல் அறிமுகம் செய்தது பிரபாத். பிருத்விராஜ் கபூரின் மகன் என்ற சலுகை எதுவும் இன்றி, இயக்குநர் கேதார் சர்மாவிடம் கிளாப் அடிக்கும் பையனாக இருந்த ராஜ் கபூர், அதே சர்மாவின் ‘நீல் கமல்’ படத்தில் 1947இல் மதுபாலாவுக்கு ஜோடியாக நாயகன் ஆனார். அவர்கள் உள்ளே நுழைந்த வேளையில் கட்டடம் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

விரிசலுக்குக் காரணங்கள் பல. 1940இல் ஹிமான்ஷு ராய் இறந்ததும் பாம்பே டாக்கீஸ் இரண்டு அணிகளாகப் பிளந்தது. சசாதர் முகர்ஜியும் அசோக் குமாரும் 1943இல் வெளியேறிப் பிலிமிஸ்தானைத் தொடங்கினார்கள். வெளியேறிய அதே ஆண்டில்தான் அவர்கள் பாம்பே டாக்கீஸுக்காக முடித்துக் கொடுத்த ‘கிஸ்மத்’ வெளியாகி, கல்கத்தாவின் ராக்ஸி திரையரங்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. இதைவிட ஆழமான காரணம் இரண்டாம் உலகப் போர். கச்சா ஃபிலிம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே படம் எடுக்கலாம் என்ற நிலையில் அந்த உரிமங்களே விலைபோயின. ராணுவ ஒப்பந்தங்களிலும் பதுக்கலிலும் கொழுத்த கணக்கில் வராத பணம், தான் ஒளிந்துகொள்வதற்குத் திரைப்படத்தைப் போல் வசதியான இடம் வேறில்லை என்று கண்டுகொண்டது. போர் முடிந்து கட்டுப்பாடு நீங்கியவுடன் புதிய தயாரிப்பாளர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அவர்களிடம் ஸ்டூடியோவும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. தளத்தை ஷிஃப்ட் கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஒரு படத்துக்கு என்று ஆட்களைச் சேர்த்து, படம் முடிந்ததும் கலைந்துபோகும் முறை இப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது. ஒரே படத்துக்கு ஸ்டூடியோவின் மாதச் சம்பளத்தைப் போல் பல மடங்கு தரத் தயாராக இருந்த இவர்களுக்கு முன்னால், எந்த நடிகரும் நிரந்தர வேலையில் தங்கியிருக்கக் காரணம் இல்லை. 1949இல் அமைக்கப்பட்ட எஸ். கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு, 1951இல் அளித்த அறிக்கையில் இந்த மாற்றத்தைக் கவலையோடு பதிவு செய்தது.

நட்சத்திரத்தின் செல்வாக்குக்கான மூலத்தை இங்கேதான் தேட வேண்டும். வங்கிகள் படத்துக்குக் கடன் கொடுக்கவில்லை. திரைப்படத்துக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக அரசு அறிவிக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே பணம் வட்டிக்காரர்களிடமிருந்தோ, குறைந்தபட்சத் தொகைக்கு உறுதி கொடுக்கும் மினிமம் கியாரண்டி அடிப்படையில் முன்பணம் தரும் விநியோகஸ்தரிடமிருந்தோ வந்தாக வேண்டும். எடுக்கப்படாத ஒரு படத்தின் மீது பணம் போடுபவர் எதை நம்பிப் போடுவார்? பிரபாத் என்ற பெயரும் நியூ தியேட்டர்ஸ் என்ற பெயரும் முன்பு தந்த நம்பிக்கையை, பெயர் தெரியாத புதுத் தயாரிப்பாளரால் தர இயலாது. அவரால் காட்ட முடிந்த ஒரே ஈடு, படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருக்கும் நடிகரின் பெயர். கதையும் இயக்குநரும் முடிவாவதற்கு முன்பே நாயகனின் கால்ஷீட் விற்பனைப் பொருளாகிவிட்டது. நிறுவனத்தின் முத்திரை செய்துவந்த வேலையை ஒரு முகம் செய்யத் தொடங்கியது.

தங்கள் பெயருக்கு இருந்த மதிப்பைக் கண்ட நடிகர்கள் அதைத் தாங்களே பயன்படுத்திக்கொள்ள நினைத்ததில் வியப்பில்லை. ராஜ் கபூர் 1948இல் ‘ஆக்’ படத்தின் வழியாக ஆர். கே. ஃபிலிம்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது 24கூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு வெளியான ‘பர்சாத்’ ஈட்டிய பணம், செம்பூரில் அவர் ஸ்டூடியோ கட்ட வழிசெய்தது. தேவ் ஆனந்தும் அண்ணன் சேத்தன் ஆனந்தும் 1949இல் நவ்கேதனைத் தொடங்கினார்கள். பிரபாத்தில் நடன உதவியாளராக இருந்த குரு தத்தும் தேவ் ஆனந்தும் அங்கே நண்பர்களானவர்கள். தேவ் ஆனந்த் தயாரிப்பாளரானால் குரு தத் இயக்க வேண்டும், குரு தத் படம் எடுத்தால் தேவ் ஆனந்த் நடிக்க வேண்டும் என்று இருவரும் செய்துகொண்ட இளவயது ஒப்பந்தம் 1951இல் ‘பாஜி’யிலும் 1956இல் ‘சி.ஐ.டி.’யிலும் நிறைவேறியது. கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் தளர்ந்தபோது பிமல் ராய், ஹிருஷிகேஷ் முகர்ஜி முதலானோர் பம்பாய்க்கு வந்தார்கள். பொற்காலம் என்று பின்னர் சொல்லப்பட்டதன் தொழில்நுட்பத் தரம் இவ்வாறு வந்தது: ஸ்டூடியோக்களில் மாதச் சம்பளத்தில், ஆற அமரக் கற்றுக்கொண்ட கைகள், ஸ்டூடியோ இல்லாத காலத்தில் சுதந்திரமாக வேலை செய்தன. அந்தத் தலைமுறை ஓய்ந்த பிறகு அதே அளவு பயிற்சி பெற்ற அடுத்த தலைமுறை உருவாகாததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஆர். கே. ஃபிலிம்ஸை உதாரணமாகக் கொண்டால், ராஜ் கபூர் என்ற ஒற்றைப் பெயருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெளிவாகும். 1951இல் வந்த ‘ஆவாரா’வின் கதையும் வசனமும் முற்போக்கு எழுத்தாளரான குவாஜா அகமது அப்பாஸுடையவை, ஒளிப்பதிவு ராது கர்மாக்கர், அரங்க அமைப்பு எம். ஆர். ஆச்ரேக்கர், பாடல்கள் ஷைலேந்திராவும் ஹஸ்ரத் ஜெய்புரியும், இசை சங்கர்–ஜெய்கிஷன், குரல் முகேஷ். நாட்டு விடுதலைக்குப் பின்னான நகரத்தில் கெட்டும் மனத்தால் கெடாமல் நிற்கும் ஏழை இளைஞன் என்ற பாத்திரத்தின் எலும்புக்கூடு அப்பாஸ் கொடுத்தது. அதற்குச் சிரிப்பையும் கண்ணீரையும் சேர்த்தது ராஜ் கபூரின் சாமர்த்தியம். சோவியத் ஒன்றியத்தில் 1954இல் திரையிடப்பட்டபோது ‘ஆவாரா’வைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அங்கே நாயகனுக்கு நிகராகக் கொண்டாடப்பட்ட நர்கிஸ், ‘ஆக்’ தொடங்கி 1956இல் ‘ஜாக்தே ரஹோ’வில் தோன்றிய சிறு காட்சி வரை அந்த நிறுவனத்தின் முகமாகவே இருந்தவர். அந்தக் கூட்டு முறிந்த அடுத்த ஆண்டே, மெஹபூப் கானின் ‘மதர் இந்தியா’வில், ராஜ் கபூரின் துணையின்றி, தன் வாழ்நாளின் மிகப் பெரிய பாத்திரத்தைச் செய்துகாட்டினார். ஆர். கே. ஃபிலிம்ஸின் வரலாற்றை எழுதுபவர்கள் நர்கிஸைக் காதல் அத்தியாயத்தில் மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும் ஒன்று.

முகத்தோடு ஒட்டிய குரலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பின்னணிப் பாடல் 1935இலேயே நியூ தியேட்டர்ஸ் படத்தில் வந்துவிட்டாலும், பாடத் தெரிந்தவரே நடிக்கலாம் என்ற நிலை சைகல் 1947இல் மறையும் வரை முற்றிலும் மாறவில்லை. மாறியபோது, பாடகரின் பெயரை வெளியிடும் பழக்கம் உடனே வந்துவிடவில்லை. 1949இல் பாம்பே டாக்கீஸ் தயாரித்த ‘மஹல்’ படத்தில் மதுபாலாவுக்காக லதா மங்கேஷ்கர் பாடிய ‘ஆயேகா ஆனேவாலா’ இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயராக அதில் அச்சிடப்பட்டது காமினி என்ற கதாபாத்திரத்தின் பெயர். வானொலி நிலையத்துக்கு நேயர்களின் விசாரிப்புகள் குவிந்த பிறகே பாடகியின் பெயர் வெளியே வந்தது. நடிகையின் புகழும் பாடகியின் புகழும் அந்த ஒரே பாடலில் ஒன்றாகத் தொடங்கின.

இந்தப் பாடல்கள் வீடுகளுக்குள் சென்ற வழி கொழும்பு வழி என்பது அந்தக் காலத்தின் சுவையான முரண்களில் ஒன்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை வளர்க்க வேண்டும் என்ற முனைப்பில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரத்தைக் குறைத்தார். தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, பாடல்கள் ஏறக்குறைய ஒலிக்காமலே போயின. போர்க்கால ராணுவ வானொலியின் வலிமையான சிற்றலை ஒலிபரப்பிகளைப் பெற்றிருந்த இலங்கை வானொலி அந்த வெற்றிடத்தில் புகுந்தது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’வை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்ய, நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து புதன்கிழமை இரவுகளில் இந்தியா முழுவதும் கேட்டன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் வளர்ந்த நமக்கு அந்த ஈர்ப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தில்லி 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி வழிக்கு வந்தபோது, திரைப்படம் ஓடி முடிந்த பின்னும் பாடலின் வழியாக நடிகரின் முகம் மனத்தில் தங்கும் பழக்கம் வேரூன்றிவிட்டிருந்தது. படத்தைப் பார்த்திராதவர்கள்கூட அந்தப் படத்தை நினைத்து ஏங்குவது இதனால்தான் சாத்தியமானது.

மூவரில் திலீப் குமாரின் பாதை வேறு. அவர் தனக்கென நிறுவனம் வளர்க்கவில்லை; 1961இல் வந்த ‘கங்கா ஜமுனா’ மட்டுமே அவர் தயாரித்து வெளியிட்ட படம். ஐம்பதாண்டுகளுக்கும் மேலான திரைவாழ்வில் ஏறக்குறைய அறுபது படங்களே நடித்தார். வசனத்தை உரக்க முழங்கிய பார்சி நாடக மரபுக்கு எதிராக, வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, தாழ்த்தி, சில சமயம் முணுமுணுத்துப் பேசிய அவருடைய முறை, ஒலிவாங்கியின் இயல்பைப் புரிந்துகொண்ட நடிப்பு. ‘அந்தாஸ்’, ‘தீதார்’ என்று தொடர்ந்து துயரப் பாத்திரங்களையே ஏற்றதில் அவர் மனம் பாதிக்கப்பட்டு, மருத்துவர்களின் அறிவுரைப்படி இலகுவான படங்களை நாடினார். அப்படி நாடியபோது அவர் வந்து சேர்ந்த இடம் கோயம்புத்தூர். எம்.ஜி.ஆர். நடித்து 1954இல் பெருவெற்றி பெற்ற ‘மலைக்கள்ளன்’ படத்தை, பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுக்க, சிரிக்கும் திலீப் குமாரை 1955இல் வடக்கு பார்த்தது. அதில் உடன் நடித்த மீனா குமாரிக்கும் அது வழக்கமான அழுகையிலிருந்து ஓய்வு. அதே ஆண்டில் ஜெமினியின் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘இன்ஸானியத்’தான் திலீப்பும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஒரே படம். படம் சுமார்தான். ஆனால் பம்பாயில் யாராலும் ஒன்றுசேர்க்க முடியாத இரண்டு பெயர்களைச் சேர்க்கும் நிதிவலிமை, ஸ்டூடியோ முறை இன்னும் உயிரோடு இருந்த சென்னையில்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடிகைகளுக்கு இந்தச் சுதந்திரச் சந்தை அதே விதமாகத் திறக்கவில்லை. மதுபாலாவின் ஒப்பந்தங்களையெல்லாம் தீர்மானித்தவர் அவருடைய தந்தை அத்தாவுல்லா கான். பி. ஆர். சோப்ராவின் ‘நயா தௌர்’ படத்துக்காகப் போபால் பகுதிக்கு வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அனுப்ப அவர் மறுத்ததால், சோப்ரா மதுபாலாவை நீக்கி வைஜெயந்திமாலாவை ஒப்பந்தம் செய்தார். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. மதுபாலாவைக் காதலித்த திலீப் குமார், கூண்டில் ஏறிச் சோப்ராவின் பக்கம் சாட்சி சொன்னார். இதைத் துயரக் காதல் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். நடிகை என்பவர் தன் பெயரில் கையெழுத்திட்டும் தன் முடிவைத் தானே எடுக்க முடியாத நிலையில் இருந்தார் என்பதற்கும் அது ஆவணம். பிளவுக்குப் பிறகும் இருவரும் கே. ஆசிஃபின் ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தில் காதலர்களாக நடித்து முடிக்க வேண்டியிருந்தது. 1946இல் பாம்பே டாக்கீஸ் தளத்தில் வேறு நடிகர்களோடு தொடங்கிய அந்தப் படம், நாட்டுப் பிரிவினையில் முதலீட்டாளர் பாகிஸ்தானுக்குப் போனதாலும் அக்பராக நடித்த சந்திரமோகன் 1949இல் இறந்ததாலும் நின்று, கட்டுமானத் தொழிலதிபர் ஷாபூர்ஜி பலோன்ஜியின் பணத்தில் மறுபிறவி எடுத்து, 1960 ஆகஸ்டில் வெளியானது. ஸ்டூடியோக் காலத்தில் தொடங்கி நட்சத்திரக் காலத்தில் முடிந்த படம் என்று அதைச் சொல்லலாம்.

தெற்கிலிருந்து சென்ற இருவர் நடிகைகளின் நிலையைச் சற்று அசைத்தார்கள். ஏவி.எம்.மின் ‘வாழ்க்கை’யில் அறிமுகமாகி, அதன் இந்தி வடிவமான ‘பஹார்’ மூலம் 1951இல் வடக்கே போன வைஜெயந்திமாலா, ‘தேவதாஸ்’ சந்திரமுகிக்காகத் தரப்பட்ட ஃபிலிம்ஃபேர் துணை நடிகை விருதை, தன் பாத்திரம் பார்வதிக்குத் துணையானது அல்ல, இணையானது என்று கூறி ஏற்க மறுத்தார். செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரெஹ்மான், முதல் இந்திப் படத்திலேயே பெயரை மாற்றச் சொன்னதற்கு இணங்கவில்லை. தனக்கு ஒவ்வாத உடையை அணியமாட்டேன் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். யூசுஃப் கான் திலீப் குமாராகவும், மும்தாஜ் ஜெஹான் மதுபாலாவாகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும் மாறியிருந்த ஒரு துறையில், வாய்ப்புத் தேடி வந்த ஓர் இளம்பெண் அப்படி நின்றது சிறிய செய்தி அல்ல.

நட்சத்திரப் பெயரை ஈடாக வைக்கும் முறைக்கு எல்லை உண்டு என்பதைக் காட்டியவர் குரு தத். 1957இல் ‘பியாசா’ வென்ற துணிவில், வி. கே. மூர்த்தியின் ஒளிப்பதிவில் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘காகஸ் கே பூல்’ எடுத்தார். ஸ்டூடியோக் காலத்து இயக்குநர் ஒருவரின் வீழ்ச்சியைச் சொன்ன அந்தப் படம் 1959இல் விழுந்தது. அதன் பிறகு இயக்குநராக அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவே இல்லை. 1964இல், 39 வயதில் இறந்தார். இன்று அந்தப் படம் உலகெங்கும் பாடமாகிறது. அன்று அதைக் காப்பாற்ற ஒரு ஸ்டூடியோ இருந்திருந்தால், பத்துப் படங்களின் லாபத்தில் அந்த நஷ்டம் கரைந்திருக்கும். தனி நிறுவனத்துக்கு அந்த மெத்தை கிடையாது.

1960களில் வண்ணப் படமும் காஷ்மீர் மலைகளும் வந்து, செலவு பெருகி, நாயகனின் விலையும் உடன் ஏறியது. ஆர். கே. நாராயணின் நாவலை வைத்துத் தேவ் ஆனந்த் 1965இல் எடுத்த ‘கைட்’ அந்த வண்ணக் காலத்தின் உச்சம். மால்குடியை உதய்பூர் அரண்மனைகளுக்குக் கொண்டுபோனதில் நாராயணுக்கு இருந்த கசப்பு வேறு கதை. அதே ஆண்டு தயாரிப்பாளர்கள் சேர்ந்து நடத்திய திறமைப் போட்டியில் வென்ற ராஜேஷ் கன்னா, 1969இல் ‘ஆராதனா’ வெளியானதும், முன்னவர்கள் மூவரும் சேர்ந்தும் காணாத வெறியைக் கிளப்பினார். ஒரே நேரத்தில் பல படங்களுக்குக் கால்ஷீட் தரும் பழக்கம் பெருகியது. நிலையான குழு என்பது மறைந்தது. 1970இல் ராஜ் கபூர் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி எடுத்த ‘மேரா நாம் ஜோக்கர்’ தோற்று அவரைக் கடனாளியாக்கியது. அடுத்த படத்துக்கு ராஜேஷ் கன்னாவைப் போடலாம் என்றால் அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று ரிஷி கபூர் பின்னர் சொல்லியிருக்கிறார். பெரிய பெயர் எதுவும் இல்லாமல், மகன் ரிஷியையும் டிம்பிள் கபாடியா என்ற புதுமுகத்தையும் வைத்து எடுத்த ‘பாபி’ 1973இல் வெளியாகி, ஆர். கே. ஃபிலிம்ஸின் கடனை அடைத்தது.